வெறும் வயிறு வேண்டாம்: ஒரு டம்ளர் குளுக்கோஸின் வரலாறு

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நாளன்று, முதன்முறை பதிவு செய்ய வந்த பெண்ணின் கையில் ஒரு டம்ளரைக் கொடுப்பார்கள். 300 மில்லி தண்ணீரில் 75 கிராம் குளுக்கோஸ். திகட்டும், மசக்கையில் இருப்பவருக்குக் குமட்டும். ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குடித்து முடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது கர்ப்பகாலச் சர்க்கரை நோய். அந்தப் பெண் காலையில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தாரா, ஒன்றும் சாப்பிடாமல் பஸ் ஏறி வந்தாரா என்பது கணக்கில் வராது.

வேறு பல நாடுகளில் அது கணக்கில் வரும். இதே 75 கிராம் சோதனைக்கு முந்தைய இரவிலிருந்தே பட்டினி கிடந்து, விடியற்காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். பட்டினி வேண்டாம் என்ற முடிவு சென்னையில் பிறந்தது. அதற்குப் பின்னால் பெர்லின், லண்டன், பாஸ்டன், கோபன்ஹேகன், அரிசோனா என்று ஊர் ஊராக நீளும் 180 ஆண்டுக் கதை இருக்கிறது.

1823 நவம்பரில் பெர்லின் நகர மருத்துவமனை ஒன்றில் 22 வயதுப் பெண் ஒருவர் சேர்க்கப்பட்டார். அது அவருக்கு ஐந்தாவது கர்ப்பம். எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. சிறுநீர் ஓயாமல் போயிற்று, அதில் சர்க்கரையும் இருந்தது. ஹைன்ரிஷ் பென்னவிட்ஸ் என்ற இளம் மருத்துவர் அவரைக் கவனித்தார். அக்கால வழக்கப்படி உடலிலிருந்து ரத்தத்தை வடித்தார்கள், உணவை மாற்றினார்கள். குழந்தை 12 பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ எடையோடு பிரசவத்திலேயே இறந்தது. தாய் பிழைத்தார். ஆச்சரியம் என்னவென்றால், குழந்தை பிறந்த சில நாட்களில் தாகம் தணிந்தது, சிறுநீரில் இருந்த சர்க்கரையும் காணாமல் போனது. இந்த நோய் கர்ப்பத்தின் ஓர் அறிகுறி என்று முடிவுகட்டிய பென்னவிட்ஸ், 1824-இல் லத்தீன் மொழியில் தன் பட்ட ஆய்வேட்டை எழுதினார். கர்ப்பத்தோடு வந்து கர்ப்பத்தோடு போகும் சர்க்கரை நோயைப் பற்றிய முதல் மருத்துவப் பதிவாக இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள். பெருத்த குழந்தை, கடினமான பிரசவம், பிரசவத்துக்குப் பின் மறையும் சர்க்கரை ஆகிய மூன்றும் அந்த ஒரே பதிவில் இருக்கின்றன. அவற்றைக் கோத்துப் பார்க்கும் அறிவுதான் அப்போது உலகத்தில் இல்லை.

அடுத்த அறுபது ஆண்டுகளில் பெரிதாக ஒன்றும் நகரவில்லை. 1882-இல் லண்டன் மகப்பேறியல் சங்கத்தில் ஜேம்ஸ் மேத்யூஸ் டங்கன் ஒரு கட்டுரை வாசித்தார். 1847-இல் எடின்பரோவில் குளோரோஃபார்மைத் தங்கள் மேலேயே சோதித்துப் பார்த்து மயங்கி விழுந்தவர்களில் ஒருவர் அவர். சர்க்கரை நோயோடு கூடிய 22 கர்ப்பங்களை அவர் திரட்டியிருந்தார். தாயோ சேயோ, சில வீடுகளில் இருவருமே இறந்த செய்திகள்தான் அதில் அதிகம். ஆனாலும் அந்தச் சாவுக் கணக்குக்கு நடுவே அவர் ஒன்றைக் கூர்ந்து கவனித்தார்: கர்ப்ப காலத்தில் மட்டும் தோன்றி, மற்ற நேரங்களில் இல்லாமல் இருக்கும் சர்க்கரை நோயும் உண்டு.

பிரச்சினை, அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான். அன்றைக்குக் கையில் இருந்த ஒரே வழி சிறுநீர்ப் பரிசோதனை. எறும்பு மொய்ப்பதைக் கண்டு நம்மூர் வைத்தியர்கள் அறிந்ததைத்தான், இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பெனடிக்ட் கரைசலின் நீலம் செங்கல் நிறமாக மாறுவதைக் கண்டு ஆய்வுக்கூடங்கள் அறிந்தன. கர்ப்பிணி விஷயத்தில் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். கர்ப்ப காலத்தில் சிறுநீரகங்கள் வழக்கத்தைவிடத் தாராளமாகச் சர்க்கரையை வெளியே விட்டுவிடுவதால், நோயே இல்லாதவரின் சிறுநீரிலும் சர்க்கரை தெரியும். மாதம் நிறையும்போது தாய்ப்பாலின் சர்க்கரையும் சிறுநீரில் கலந்து அதே நிறத்தைக் காட்டும். எனவே பயப்பட வேண்டியவர் யார், பயப்பட வேண்டாதவர் யார் என்று பிரிப்பதே ஒரு தலைமுறை மருத்துவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் முறை பரவும்வரை இந்தக் குழப்பம் தீரவில்லை.

1922 ஜனவரியில் டொராண்டோவில் முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதுவரை சிறு வயதிலேயே சர்க்கரை நோய் வந்த பெண்கள் தாயாகும் வயதை எட்டுவதே அரிது. இன்சுலின் வந்தபின் அவர்கள் உயிர் பிழைத்தார்கள், மணமுடித்தார்கள், கருவுற்றார்கள். தாய் பிழைத்த பிறகும் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன. இந்த இடத்தில்தான் பிரிசில்லா வைட் வருகிறார். 1924-இல் பாஸ்டனில் எலியட் ஜாஸ்லினின் மருத்துவமனையில் சேர்ந்த இந்தப் பெண் மருத்துவர், ஐம்பது ஆண்டு காலம் சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணிகளுக்காகவே உழைத்தார். நோய் எந்த வயதில் வந்தது, எத்தனை ஆண்டாக இருக்கிறது, கண்ணையும் சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டதா என்று பார்த்து அவர்களை வகைப்படுத்தி 1949-இல் அவர் வெளியிட்ட பட்டியல் உலகெங்கும் பாடமாயிற்று. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே இத்தகைய தாய்மார்களின் குழந்தைகளில் பிழைத்தவை 54 விழுக்காடு. 1974-இல் அவர் ஓய்வு பெற்றபோது 90 விழுக்காட்டுக்கு மேல். மருத்துவ வரலாற்றில் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டிய பெயர் அவருடையது.

வைட் கவனித்தவர்கள் பெரும்பாலும் கருவுறும் முன்பே சர்க்கரை நோய் உள்ளவர்கள். கர்ப்பத்தில் மட்டும் தலைகாட்டும் நோய் வேறு வகை. அதன் உட்பொறி மெல்லத்தான் விளங்கியது. குழந்தைக்குச் சோறூட்டும் நஞ்சுக்கொடி பல ஹார்மோன்களையும் சுரக்கிறது. தாயின் உடல் தன் இன்சுலினுக்கு எளிதில் கட்டுப்படாதபடி அவை செய்துவிடுகின்றன. குழந்தைக்குச் சர்க்கரை தாராளமாகக் கிடைக்கட்டும் என்று உடல் செய்யும் ஏற்பாடு இது. ஐந்தாம், ஆறாம் மாதத்திலிருந்து இந்த எதிர்ப்பு ஏறிக்கொண்டே போகும். பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து ஈடுகொடுத்துவிடும். அப்படி ஈடுகொடுக்க முடியாதவர்களுக்குத்தான் ரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும் எதிர்ப்பு நீங்குகிறது, சர்க்கரையும் இறங்குகிறது. பென்னவிட்ஸ் பார்த்து வியந்தது இதைத்தான்.

குழந்தை ஏன் பெருக்கிறது என்பதை விளக்கியவர் கோபன்ஹேகனின் யோர்கன் பீடர்சன். 1950-களில் அவர் முன்வைத்த கருத்து எளிமையானது. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே இன்சுலினை அள்ளிச் சுரக்கும். அந்த இன்சுலின் சர்க்கரையைக் கொழுப்பாக்கிக் குழந்தையைப் பருக்க வைக்கும். தொப்புள்கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், இன்சுலின் மட்டும் நிற்காது. அதனால்தான் நான்கு கிலோ எடையோடு பிறந்து, பார்க்கப் புஷ்டியாக இருக்கும் குழந்தைக்குச் சில மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்குகிறது. கொழுகொழுவென்று பிறந்ததற்காக ஊரே மகிழும் குழந்தையைச் செவிலியர் அடிக்கடி குதிகாலில் குத்திச் சோதிப்பதற்குக் காரணம் இதுவே.

இனி பாஸ்டனுக்குத் திரும்பலாம். கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்ற பெயர் 1950-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அந்தப் பெயருக்கு ஓர் எல்லைக்கோடு வரைந்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஜான் ஓ'சல்லிவன். பாஸ்டன் நகர மருத்துவமனைக்கு வந்த 752 கர்ப்பிணிகளுக்கு வெறும் வயிற்றில் 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, குடிக்கும் முன் ஒரு முறையும் குடித்தபின் மணிக்கொரு முறையாக மூன்று முறையும் ரத்தம் எடுத்தார்கள். புள்ளியியல் வல்லுநர் கிளேர் மஹனோடு சேர்ந்து அவர் சராசரியைக் கணக்கிட்டார், அதிலிருந்து வெகுவாக விலகி நிற்கும் அளவைக் கண்டார். வந்த எண்களை நினைவில் நிற்கும்படி 90, 165, 145, 125 என்று முழுமையாக்கினார். ஓர் எண் தவறாக அமைந்துவிடலாம் என்பதால் நான்கில் குறைந்தது இரண்டு எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார். 1964-இல் அது வெளியாயிற்று.

இந்த எண்களைப் பற்றிப் பலர் அறியாத ஒன்று உண்டு. அவை குழந்தைக்கு வரும் ஆபத்தை வைத்து எடுக்கப்பட்டவை அல்ல. இந்தப் பெண்களில் யாருக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் என்பதை வைத்து உரசிப் பார்க்கப்பட்டவை. கர்ப்பம் தாயின் நாளையைக் காட்டிக்கொடுக்கிறது என்பதே ஓ'சல்லிவனின் கண்டுபிடிப்பு. பின்னர் வந்த மருத்துவ உலகம் குழந்தையின் எடையில் கவனத்தைக் குவித்துவிட்டு, தாயைப் பற்றிய அந்த முதல் கேள்வியைப் பெரும்பாலும் மறந்துபோனது. இன்றுவரை அந்த மறதி தொடர்கிறது.

குழந்தையின் நாளையும் தாயின் சர்க்கரையோடு கட்டுண்டது என்பதை அரிசோனா பாலைவனத்தில் வாழும் பீமா பழங்குடியினர் உலகுக்குக் காட்டினார்கள். சர்க்கரை நோய் மிகுந்த அந்தச் சமூகத்தைப் பீட்டர் பென்னட், டேவிட் பெட்டிட் முதலியோர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை நோய் இருந்த தாய்மார்களின் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகம் பருமனானார்கள், இளவயதிலேயே சர்க்கரை நோய்க்கும் ஆளானார்கள். பரம்பரைதானே என்று கேட்கலாம். அதற்கும் ஓர் அருமையான விடை கிடைத்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளிலேயே, தாய்க்கு நோய் வருமுன் பிறந்தவரைவிட நோய் வந்தபின் பிறந்தவருக்கு ஆபத்து கூடுதலாக இருப்பதை 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. பரம்பரை ஒன்றே, கருவறையின் சர்க்கரைதான் வேறு.

சென்னைக்கு வருவோம். இந்த நகரத்துக்குச் சர்க்கரை நோய் மருத்துவத்தில் நீண்ட மரபு உண்டு. பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948-இலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1978-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இந்நோய்க்கென ஒரு தனித் துறையை நிறுவினார் டாக்டர் வீ. சேஷய்யா. கர்ப்பிணிகளின் சர்க்கரையைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் அவர். 2000-களின் தொடக்கத்தில் சென்னை, ஈரோடு, பெங்களூரு, திருவனந்தபுரம், ஆலுவா, லூதியானா போன்ற ஊர்களில் 3,674 கர்ப்பிணிகளை அவர் குழு பரிசோதித்தது. 16.55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை கூடியிருந்தது. ஆறு பேரில் ஒருவர். பிறகு தமிழ்நாட்டில் மட்டும் நகரம், சிறுநகரம், கிராமம் என்று பிரித்து 12,056 பேரைப் பார்த்தார்கள். நகரத்தில் 17.8, சிறுநகரத்தில் 13.8, கிராமத்தில் 9.9 விழுக்காடு. பணக்கார நோய், பட்டணத்து நோய் என்ற பேச்சுக்குக் கிராமத்தின் அந்த 9.9 போதுமான பதில்.

இத்தனை பேரைக் கண்டறிய பாஸ்டன் முறையைக் கையாண்டால் என்ன ஆகும்? முதல் முறை வரும் கர்ப்பிணியிடம், "நாளைக்கு ஒன்றும் சாப்பிடாமல் வாம்மா" என்று சொல்லி அனுப்ப வேண்டும். அவர் மறுநாள் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும், துணைக்கு ஆள் தேட வேண்டும், மசக்கையோடும் பசியோடும் பஸ்ஸில் நின்று வர வேண்டும். பலர் திரும்பி வருவதே இல்லை. வராத பெண்ணுக்கு உலகின் மிகச் சிறந்த பரிசோதனையாலும் பயனில்லை. எனவே, வந்த அன்றே, சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்த மாதிரி என்று சேஷய்யாவும் அவர் நிறுவிய இந்தியக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் ஆய்வுக் குழுவும் முறையைச் சுருக்கின. இரண்டு மணி நேரத்தில் 140 என்ற எல்லை ஏற்கெனவே 1999-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்ததுதான். சென்னை அதிலிருந்து பட்டினியை மட்டும் எடுத்துவிட்டது.

தமிழ்நாடு அரசு 2007-இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. 2014-இல் மத்திய சுகாதார அமைச்சகம் நாடு முழுமைக்கும் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டபோது இதே முறையை ஏற்றது. முதல் வருகையில் ஒரு முறை, அதில் ஒன்றும் இல்லையென்றால் 24-லிருந்து 28 வாரத்துக்குள் மறுமுறை. 2022-இல் சேஷய்யாவுக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் பிறந்தநாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒன்பது நாடுகளில் ஏறத்தாழ 25,000 கர்ப்பிணிகளை வைத்து நடந்து 2008-இல் வெளியான பெரும் ஆய்வு, தாயின் சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் ஆபத்தும் படிப்படியாக ஏறுகிறது, இடையில் பாதுகாப்பான எல்லை என்று எதுவும் கிடையாது என்று காட்டியது. அதையொட்டி வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 என்ற புதிய எல்லைகள் வந்தன. இம்மூன்றில் ஒன்றைத் தொட்டாலே நோய். உலக சுகாதார நிறுவனமும் 2013-இல் அவற்றை ஏற்றது. பட்டினி இல்லாமல் செய்யும் சோதனை, நோயுள்ளவர்களில் பலரைத் தவறவிடுகிறது என்று 2014-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர்களும் சென்னைக்காரர்களே: விஸ்வநாதனின் மகன் டாக்டர் வி. மோகனும் அவருடைய குழுவினரும். இந்த விமரிசனத்தைத் தள்ளிவிட முடியாது. வெறும் வயிற்றுச் சோதனைக்கு வரக்கூடிய வசதியுள்ள பெண் அதைச் செய்துகொள்வதே நல்லது. ஆனால் கூலி வேலைக்குப் போகும் பெண் அடுத்த மாதம்தான் மறுபடி வருவார் என்ற நிலையில், வந்த அன்றே கையில் டம்ளரைக் கொடுப்பதுதான் நியாயம்.

கண்டுபிடித்து என்ன பயன் என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியாவில் விடை கிடைத்தது. கரோலின் கிரௌதர் தலைமையில் 1,000 பெண்களிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், உணவு ஆலோசனையும் சர்க்கரைக் கண்காணிப்பும் தேவையானால் இன்சுலினும் பெற்ற தாய்மார்களின் குழந்தைகளில் 1 விழுக்காட்டினருக்கே கடும் பாதிப்பு ஏற்பட்டது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களிடம் அது 4 விழுக்காடு. சிகிச்சையும் பெரும்பாலும் எளிது. நம் வழிகாட்டி நெறிகளின்படி முதல் இரண்டு வாரம் உணவு மாற்றம்தான். அதன்பின் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 120-க்குள் இருந்தால் அதே உணவைத் தொடரலாம், 120-ஐத் தொட்டால் மெட்ஃபார்மினோ இன்சுலினோ தேவைப்படும்.

அந்த உணவு மாற்றம்தான் நம் வீடுகளில் மருந்தைவிடக் கடினமாக இருக்கிறது. "இரண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்று மாமியாரும் அம்மாவும் தட்டில் மறுசோறு வைப்பார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பில் சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும் வரிசையாக வரும். நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் உச்சத்தை நோக்கி ஏறும் காலமும் அதுவே. அந்த அன்பில் குறை சொல்ல எதுவுமில்லை. வளையல் அடுக்குவதை யாரும் நிறுத்த வேண்டாம். கலவைச் சாதத்தில் ஒரு கரண்டி குறைத்து, சுண்டலும் காய்கறியும் முட்டையும் கூடுதலாக வைத்தாலே போதும். மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதைப் பிரித்து, அளவாக அடிக்கடி சாப்பிட வேண்டும். பட்டினி கிடப்பதும் சர்க்கரை நோய்க்குப் பயந்து சோற்றையே விட்டுவிடுவதும் தவறு. இன்னொன்று: நோய் வந்த பெண்ணை நோக்கி "நீ இனிப்பு தின்றதால்தான்" என்று யாரும் சொல்லக் கூடாது. இனிப்பே தொடாதவருக்கும் இது வருகிறது. கணையத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பதே காரணம்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்ததும் பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. சுகர் போய்விட்டது என்று நிம்மதியாகிறார்கள். ஓ'சல்லிவனின் முதல் கேள்வி அப்போதுதான் தொடங்குகிறது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை நோய் வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் அது நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்று பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு சொல்கிறது. அதனால்தான் பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்து மறுபடியும் ஒரு குளுக்கோஸ் சோதனை, இம்முறை வெறும் வயிற்றில், செய்ய வேண்டும் என்று வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. அதன் பிறகும் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்வது நல்லது. தாய்வீட்டில் குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு இதற்கென்று தனியாக ஒரு பயணம் நினைவிலும் இருக்காது, முடியவும் முடியாது. ஆனால் ஆறாவது வாரத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி உண்டு. அதைப் பெரும்பாலான வீடுகள் தவறவிடுவதில்லை. அன்று காலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது தாயையும் சாப்பிடாமல் அழைத்துப் போங்கள். பழைய மருத்துவ அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று, அவருக்கும் சர்க்கரை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.